முப்பத்தி நாலு பேரும் சரின்னாங்க

கொஞ்சம் மெதுவாப் பேசுறேன் சார், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னால மூணாவது சீட்டுல, பச்சைப் புடவை, வலது கால வழியில நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க பாருங்க. கண்டக்டர்கூட ரெண்டு தடவை தாண்டிப் போனாரு, மடக்கும்மான்னு சொல்லல. அவங்கதான் எங்க அண்ணி. மாரிக்கண்ணுன்னு பேரு. அண்ணன் போயி பதினாலு வருசமாச்சு. நான் பேசுறது அவங்க காதுல விழக்கூடாது. விழாது, இந்த வண்டி போடுற சத்தத்துல டிரைவருக்கே அவரு அடிக்கிற ஹாரன் கேக்காது. இருந்தாலும்.

திருச்சி ஏர்போர்ட்டுக்குத்தான் போறோம். அண்ணி மக வர்றா, வினோதினி. பிலிப்பைன்ஸ்ல எம்.எஸ்சி. படிக்கிறா... படிச்சா. படிச்சுக்கிட்டிருந்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. முடிக்காம வர்றா சார். ஒரு வருசம் நிறுத்தி வெச்சுட்டு வர்றா. அதுக்குக் காரணம் நான்தான். இத இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்ல. உங்க பேருகூட எனக்குத் தெரியாது, உங்ககிட்டப் போய் சொல்றேன் பாருங்க.

என் பேரு தர்மலிங்கம். ஊர்ல சிங்கப்பூரார்ம்பாங்க. பதினோரு வருசம் அங்க கப்பல் பட்டறையில இருந்தேன், சேஃப்டி சூப்பர்வைசர். பங்களாதேஷ்காரன், சீனாக்காரன், பர்மாக்காரன், அத்தனை பேருக்கும் காலையில நான்தான் இங்கிலீசுல எடுத்துச் சொல்லணும், பெல்ட்ட மாட்டு, தொப்பியப் போடுன்னு. அப்படி வந்த இங்கிலீசுதான் இது. புஸ்தகத்து இங்கிலீசு இல்ல, ஆனா நல்லா ஓடும். எங்க ஊரு செங்கழிமேடு, முத்துப்பேட்டை லகூனுக்கு இந்தப் பக்கம். நூத்திப் பத்து வீடு. வெளிநாட்டு ஆளு வந்தாலும், பேங்க்லேருந்து கடுதாசி வந்தாலும், மருந்து டப்பாவுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்னாலும் என்னத்தான் கூப்பிடுவாங்க. வினோதினிக்கு இங்கிலீசு சொல்லிக் குடுத்ததும் நான்தான். என் ஆயுசுல நான் பண்ண உருப்படியான வேலை அது ஒண்ணுதான். அதுவே எனக்கு வெனையாவும் வந்துச்சு, அத அப்புறம் சொல்றேன்.

கஜா புயல் அடிச்சுதுல்ல, அதுக்கு அடுத்த வருசம். பிலிப்பைன்ஸ்லேருந்து ஒரு பேராசிரியர் அம்மா வந்தாங்க. லூர்தெஸ்னு பேரு. எங்க பொம்பளைங்க ஒரே நாள்ல லூர்தம்மா ஆக்கிட்டாங்க. குள்ளமா இருப்பாங்க, நரைச்ச தலைய ஒட்ட வெட்டியிருப்பாங்க, காலு ரெண்டும் எந்நேரமும் சேறு. கடலோரத்துல அழிஞ்சு போன அலையாத்திக் காட்ட அந்தந்த ஊரு சனங்கள வெச்சே திரும்ப வளக்குறது, அதுதான் அவங்க வேலை. அவங்க நாட்டுல, இந்தோனேசியாவுல, ஆப்பிரிக்காவுல, எங்கெங்கயோ பண்ணியிருக்காங்க. கூடவே அவங்க நாட்டு மாணவர்ங்க நாலு பேரு. அந்தம்மா பசங்கள நடத்துற விதமே தனி. திட்டமாட்டாங்க. ஆனா தெனம் நோட்டுல மொத வரி, "இன்னைக்கு எனக்குத் தெரியாதது என்ன"ன்னு எழுதணும். அத எழுதாம வேற எதையும் எழுதக்கூடாது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. எங்க பட்டறையில தெரியாதுன்னு சொன்னா மறு ப்ளைட்டுல ஏத்தி அனுப்பிடுவான்.

மொத நாளு போட்ல சுத்திக் காட்டுனேன். ஊருக்குத் தெக்க நண்டுத்திட்டுன்னு ஒண்ணு இருக்கு. தண்ணி வத்துனா வெறும் சேறு, ஏறுனா முழங்கால் ஆழம். அந்தம்மா கேட்டாங்க, இந்த எடத்துக்கு யாராவது வருவாங்களா, என்ன பண்ணுவாங்கன்னு. நான் சொன்னேன், யாரும் வர்றதில்ல மேடம், சும்மாதான் கெடக்குன்னு.

நான் பொய் சொல்லல சார். அந்த எடத்துல நான் பொய் சொல்லல, அத நீங்க நம்பணும். அங்க யாரும் வலை போடுறதில்ல, போட்டும் நிக்கிறதில்ல. பொம்பளைங்க போவாங்க. இடுப்புல பறியக் கட்டிக்கிட்டு, பறின்னா ஓலைக்கூடை, தண்ணிக்குள்ள மண்டி போட்டு, சேத்துல கைய விட்டுத் தடவித் தடவி இறாலும் நண்டும் புடிப்பாங்க. வருசம் முந்நூறு நாளும் போவாங்க. எங்க அண்ணி அதுலதான் வினோதினிய வளத்தாங்க. நான் தெனம் பாத்ததுதான். ஆனா அது ஒரு தொழில்னு எனக்குத் தோணல. ஆம்பள கடலுக்குப் போறது தொழில். இது ஏதோ பொம்பளைங்க கொல்லையில கீரை ஆயுற மாதிரி. யாராவது வருவாங்களான்னு கேட்டா எனக்கு அவங்க ஞாபகமே வரல. உங்களுக்கு வந்திருக்குமா? உண்மையச் சொல்லுங்க.

அந்தம்மா உடனே நோட்டுல எழுதிக்கிட்டாங்க. யாரும் பயன்படுத்துறதில்ல, தகவல் மிஸ்டர் தர்மான்னு. என் பேரு அதுல ஏறுனத நான் எட்டிப் பாத்தேன். பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்தம்மாகிட்ட ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஊர்ல ஒரு செடி நடுறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆளுங்கள உக்கார வெச்சுக் கேப்பாங்க. ஆம்பளைங்களத் தனியா, பொம்பளைங்களத் தனியா. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு சுரபுன்னைக் காயக் குடுப்பாங்க. நட்டு வெச்சா மொளைக்கிற காய், முருங்கைக்காய் மாதிரி நீட்டமா இருக்கும். சம்மதம்னா எந்திரிச்சு வந்து நடுவுல இருக்கிற கூடையில போடணும். சம்மதம் இல்லன்னா மடியிலயே வெச்சுக்கலாம், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. ஒருத்தர் போடலன்னாலும் அந்தம்மா செடி நட மாட்டாங்க. திரும்ப உக்காந்து பேசுவாங்க. ஒரு ஊர்ல எட்டு மாசம் பேசியிருக்காங்களாம். வேற வேலை இல்லையான்னு நெனைச்சேன்.

எங்க ஊர்ல புயல் பாதுகாப்புக் கட்டடத்துல பொம்பளைங்க கூட்டம். முப்பத்தி நாலு பேரு வந்தாங்க. வினோதினி அப்ப பன்னெண்டாவது, டீ ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தா. நான் அந்தம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்திருந்தேன். நண்டுத்திட்டுல நடலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன். சொல்லி முடிக்கல, எங்க அண்ணி எந்திரிச்சுட்டாங்க.

"அங்க வேணாம்மா. அந்தத் திட்டுலதான் நாங்க இறால் தடவுறோம். அத வேலி போட்டா நாங்க எங்க போறது? அதோட அங்க செடி நிக்காது, தண்ணி வத்துற நேரம் ரொம்பக் கம்மி, அழுவிப் போயிடும். கிழக்க வாய்க்கா ஓரத்துல நடுங்க. நாங்களே கூட வந்து நட்டுத் தர்றோம்."

இவ்வளவும் சொன்னாங்க. எனக்கு இன்னைக்கும் வார்த்தை வார்த்தையா ஞாபகம் இருக்கு.

அந்தம்மா என்னப் பாத்தாங்க. நாலு பசங்களும் பேனாவத் தூக்கிக்கிட்டு என்னப் பாக்குறாங்க. நேத்துதான சார் யாரும் வர்றதில்லன்னு சொல்லியிருக்கேன்? இப்ப இத எப்படிச் சொல்றது? மேடம், நேத்து நான் சொன்னது தப்பு, இதோ முப்பத்தி நாலு பேரும் அங்கதான் போறாங்க, எங்க வீட்டு அண்ணியும் அதுல ஒருத்தின்னா? என் ஊரு எனக்கே தெரியலன்னு ஆயிடாது? பொம்பளைங்க எப்படியும் சரின்னுடுவாங்கன்னு மறுநாளே பெரிய ஆபீசருங்க வர்றாங்க, நாத்து வந்து எறங்கியாச்சு, ஷாமியானாகூடக் கட்டியாச்சு.

நான் சொன்னேன், "அந்தத் திட்டு அவங்களுக்கு ரொம்பப் பிரியமான எடமாம் மேடம். அங்க பச்சைப்பசேல்னு வந்தா சந்தோசம்கிறாங்க. கூட வந்து நட்டுத் தர்றோம்கிறாங்க. எவ்ரிபடி ஹேப்பி."

கடைசியில கூட வந்து நடுறோம்னு சொன்னது நெசந்தான, அத நான் விடல.

அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எந்திரிச்சு அண்ணி கையப் புடிச்சுக்கிட்டாங்க. அண்ணியும் சிரிச்சாங்க. தான் சொன்னத இந்தம்மா கேட்டுக்கிட்டாங்கன்னு நெனைச்சுட்டாங்க. அப்புறம் கூடை வந்துச்சு. சம்மதம்னா போடுங்க, இல்லன்னா வெச்சுக்கங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. நான் தமிழ்ல என்ன சொன்னேன்னா, "விருந்தாளி மரியாதைக்கு ஆளுக்கு ஒரு காயக் கூடையில போட்டுட்டு வாங்க, சாப்பாடு ரெடியா இருக்கு." மொதல்ல போட்டது எங்க அண்ணி. முப்பத்தி நாலு பேரும் போட்டாங்க. ஒரு காயி மடியில தங்கல.

நீங்க வெளிய பாக்குறீங்க. பரவால்ல. பேசுற மாதிரி நான் ஒண்ணும் சொல்லல.

மறுநாளு நண்டுத்திட்டுல பன்னெண்டாயிரம் நாத்து நட்டாங்க. நட்டது ஆபீசருங்க கூட்டியாந்த வெளியூரு ஆளுங்க. ஆடு மாடு எறங்காம இருக்கச் சுத்தி நைலான் வலையும் கட்டுனாங்க. எங்க பொம்பளைங்க கரையில நின்னு பாத்தாங்க. அண்ணி எங்கிட்ட கேட்டாங்க, "என்ன தம்பி, வேணாம்னுதான சொன்னோம்? அந்தம்மா கையெல்லாம் புடிச்சுச்சே?" நான் சொன்னேன், "நான் சொல்லிட்டேன் அண்ணி. பெரிய படிப்புப் படிச்சவங்க, நம்ம பேச்சு ஏறுமா?"

அந்தப் பேச்ச நான் பேசினேன் சார். நாக்கு கொஞ்சங்கூடத் தடுமாறல. அன்னையிலேருந்து எங்க அண்ணிக்கு லூர்தம்மான்னா ஆகாது. முகத்துக்கு முன்னால சிரிச்சுக் கையப் புடிச்சுட்டு முதுகுக்குப் பின்னால நட்டவள்னுதான் பேச்சு.

திட்டு போனதும் பொம்பளைங்க முகத்துவாரம் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. நடந்தே ஒண்ணரை மணி நேரம். அங்க இடுப்பளவு ஆழம், இழுப்பு வேற. மூணாவது மாசம் அண்ணி கால்ல திருக்கை முள்ளு ஏறிடுச்சு. சேத்துல பதுங்கிக் கெடந்த திருக்கை மீன மிதிச்சுட்டாங்க. தூக்கிக்கிட்டு வந்தப்ப அவங்க போட்ட சத்தம், அண்ணன் செத்தன்னைக்குக்கூட அப்படி அவங்க கத்தல. புண்ணு ஆற அஞ்சு மாசம். ஆறியும், அத்தனை மாசம் நீட்டியே வெச்சிருந்ததுல முட்டி மடங்கல. அதான் அப்படி நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன், தெனமும் கட்டு மாத்த நான்தான் கூட இருந்தேன். டாக்டருங்ககிட்ட இங்கிலீசுல நான்தான் பேசினேன். ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, கொழுந்தன்னா இப்படி இருக்கணும்னு. நானும் அதக் கேட்டுக்கிட்டு நின்னேன்.

அண்ணி எந்திரிச்சு நடந்த ரெண்டாம் வாரம், ஒரு காலையில, முப்பத்தி நாலு பேரும் எறங்குனாங்க. வலைய அறுத்தாங்க. பாதி நாத்து ஏற்கெனவே அழுவிப் போயிருந்துச்சு, அண்ணி சொன்ன மாதிரியே. மிச்சத்தப் புடுங்குனாங்க. புடுங்கி வீசல சார். கட்டுக் கட்டாக் கட்டி, வேரு காயாம ஈரச் சாக்கு போட்டு மூடி, வாய்க்கா ஓரத்துல வெச்சிருந்தாங்க. அன்னைக்குச் சொன்ன மாதிரி அங்க நடட்டும்னுதான.

சேதி கேட்டு லூர்தம்மா ஓடி வந்தாங்க. அதே கட்டடம், அதே சேரு. என்ன தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்கன்னு கெஞ்சுனாங்க. ஒரு பொம்பள வாயத் தொறக்கல. கடைசியா எங்க அண்ணி மட்டும் சொன்னாங்க, "நாங்க சொல்ல வேண்டியத அன்னைக்கே சொல்லியாச்சு." அத நான் ஒரு எழுத்து மாத்தாம இங்கிலீசுல சொன்னேன். நான் செஞ்ச மொழிபெயர்ப்புலயே யோக்கியமானது அது ஒண்ணுதான். அதுதான் அந்தம்மாவ ரொம்ப ஒடைச்சுப் போட்டுச்சு. அன்னைக்குச் சரின்னாங்க, இன்னைக்குப் புடுங்கிட்டாங்க, ஏன்னும் சொல்லமாட்டேங்கிறாங்கன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

இப்ப அந்தம்மா எந்த நாட்டுல பேசுனாலும் எங்க ஊரு வருது. யூட்யூப்ல இருக்கு, நானே பாத்தேன். முப்பத்தி நாலுல முப்பத்தி நாலு பேரும் சம்மதம் சொல்லியும் தோத்துப்போன ஊருன்னு சொல்றாங்க. அண்ணி சிரிச்சுக்கிட்டே கூடையில காயப் போடுற போட்டோவ அவ்ளோ பெருசாக் காட்டுறாங்க. மொதல்ல சம்மதிச்சது இவங்கதான், மொதல்ல புடுங்குனதும் இவங்கதான், எனக்கு இன்னைக்கும் புரியலங்கிறாங்க. ஓரத்துல என் பாதி முகம் தெரியுது. ரெண்டு மூணு பேருக்கு அந்த வீடியோவ அனுப்புனேன், என்னப் பாருங்கன்னு. வெக்கங்கெட்டவன் சார் நான்.

வினோதினிக்கு வர்றேன். அந்தக் கூட்டத்துல டீ குடுத்த புள்ளைய லூர்தம்மாவுக்குப் புடிச்சுப் போச்சு. ஊருக்குப் போன பின்னாடியும் ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல பேசுவாங்க. கடல்வாழ் உயிரியல் படிக்க வெச்சது அவங்கதான். தண்ணி ஏறுறது எறங்குறத மூணு வருசம் தெனம் எழுத வெச்சாங்க. அவளும் மொத வரி தெரியாததுன்னு எழுதுவா. அப்புறம் அங்கயே எம்.எஸ்சி.க்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அண்ணி ஒத்துக்கவே இல்ல. "ஊரக் கெடுத்தவகிட்டயா என் பொண்ணு படிக்கணும்?"னாங்க. நான்தான் பேசிச் சரிக்கட்டுனேன். பாவத்துக்குப் பரிகாரம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. அவ நல்லாப் படிச்சு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு.

அங்க லூர்தம்மா அவளுக்குக் குடுத்த ஆராய்ச்சி என்ன தெரியுமா? செங்கழிமேடுல ஏன் தோத்துச்சு. வேற யாராலயும் இதக் கண்டுபுடிக்க முடியாது, உன்னாலதான் முடியும்னு குடுத்திருக்காங்க.

நாலு மாசத்துக்கு முன்னாடி போன் பண்ணுனா. சுத்தி வளைக்கல. "சித்தப்பா, அன்னைக்கு அம்மா சொன்னத நீங்க மேடத்துகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"உங்கம்மா சொன்னதத்தான் சொன்னேன்"னேன்.

அவ சொன்னா, "நான் அங்கதான் சித்தப்பா டீ ஊத்திக்கிட்டு இருந்தேன். உங்ககிட்ட கத்துக்கிட்ட இங்கிலீசுதான, எனக்குப் புரிஞ்சுச்சு."

ஆறு வருசம் சார்! பதினேழு வயசுப் புள்ள அன்னைக்கே கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு ஆறு வருசம் மனசுக்குள்ள வெச்சிருக்கா. ஏன்டி அப்பவே சொல்லலன்னேன். "உங்கள எல்லாரு முன்னாடியும் எப்படி சித்தப்பா? அப்பா போனதுக்கப்புறம் எங்களுக்கு நீங்கதான"ன்னா. போன வெச்சுட்டு நான் குளிக்கிற ரூம்புக்குள்ள போய்த் தாப்பா போட்டுக்கிட்டு அழுதேன். இதச் சொல்ல எனக்கு ஒண்ணும் கூச்சம் இல்ல.

அப்புறம் ஒரு படிவம் அனுப்புனா. ரெண்டு பக்கம், தமிழ்லயே. லூர்தம்மாவோட சட்டமாம், ஒருத்தர் செஞ்சத, சொன்னத ஆராய்ச்சியில எழுதணும்னா அவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். பேரு வராது, மொழிபெயர்ப்பாளர்னுதான் வரும், ஆனா ஊர்ல எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சுடும், அதனால யோசிச்சு முடிவெடுங்கன்னு அதுலயே எழுதியிருந்தா. சம்மதம் இல்லன்னா காரணம் சொல்ல வேண்டியதில்லன்னும் எழுதியிருந்தா.

அத மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு இருபது நாளு சுத்துனேன். ரெண்டு தடவை கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்தேன். அண்ணி அந்தக் கால இழுத்துக்கிட்டு எனக்குக் காப்பி கொண்டாந்து வெப்பாங்க. உள்ள வெச்சுருவேன். கடைசியில வாட்ஸப்ல பேசி அனுப்புனேன், "வேணாம்மா"ன்னு. அவ்ளோதான். ஒரே வார்த்தை.

"சரி சித்தப்பா"ன்னு பதில் வந்துச்சு.

எழுதல சார் அவ. வேற ஏதாவது எழுதி ஒப்பேத்தியிருக்கலாம். சனங்க மனசு மாறிட்டாங்கன்னு ஒரு வரி போட்டிருந்தா பட்டம் கையில வந்திருக்கும். அதையும் அவ எழுதல. அந்த எடத்த வெறுமனே விட்டுட்டா. லூர்தம்மா கேட்டுக் கேட்டுப் பாத்திருக்காங்க, சொல்ல அனுமதி இல்லன்னு மட்டும் சொல்லியிருக்கா. இது இல்லாம ஆராய்ச்சி நிக்காதும்மா, ஒரு வருசம் ஊருக்குப் போயிட்டு யோசிச்சுட்டு வான்னு அனுப்பி வெச்சிருக்காங்க.

எங்க அண்ணி முப்பத்தி மூணு பொம்பளைங்கள வெச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னு வேணாம்னு சொன்னாங்க. அது அந்தம்மாகிட்ட போய்ச் சேரவே இல்ல. நான் ஒரு படுக்கையறையில உக்காந்துக்கிட்டு வேணாம்னேன். அது கடல் தாண்டிப் போய், வேணாம்னே சேந்துச்சு. அந்தப் புள்ள ஒரு எழுத்து மாத்தல.

இப்ப அண்ணி என்ன நெனைச்சுக்கிட்டு வர்றாங்கன்னா, செடியப் புடுங்குன கோவத்துல லூர்தம்மா புள்ளையப் பழிவாங்கிட்டாங்கன்னு. நேத்து எங்கிட்ட வந்தாங்க. "தம்பி, அந்தம்மாவுக்கு போன் போடுங்க. அவ வந்து எறங்குறதுக்குள்ள நான் பேசணும், வந்துட்டா பேச விடமாட்டா. நான் தமிழ்ல சொல்றேன், நீங்க அப்படியே எடுத்துச் சொல்லுங்க. உங்கள மாதிரி யாரால சொல்ல முடியும்?"னாங்க. இன்னைக்குக் காலையில அடுப்படியில நின்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தாங்க, என் காதுல விழுந்துச்சு. "ஏம்மா, நான் அன்னைக்கே வேணாம்னுதான சொன்னேன், நீ ஏன் நட்ட? புடுங்குனவ நான், எம்புள்ளைய ஏன் தண்டிக்கிற?" இதான் மொத வார்த்தை. இத நான் அப்படியே சொன்னேன்னு வைங்க, அந்தம்மா அடுத்து என்ன கேப்பாங்க? வேணாம்னு சொன்னீங்களா, எப்பன்னுதான் கேப்பாங்க. அத நான் அண்ணிக்குத் தமிழ்ல சொல்லணும். அவ்ளோதான், ரெண்டு பேரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க.

மாத்திச் சொல்றதுக்கு எனக்கு வார்த்தை வராம இல்ல. காலையிலேருந்து தானா வந்து வந்து நிக்குது. "மேடம், அவங்க மன்னிப்புக் கேக்குறாங்க, புள்ளைய எப்படியாவது சேத்துக்கங்கன்னு சொல்றாங்க." எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! அந்தம்மா எளகிடுவாங்க. அண்ணிக்கும் நிம்மதி. எவ்ரிபடி ஹேப்பி.

அதுக்குத்தான் சார் உங்கள இங்க உக்கார வெச்சேன். பட்டுக்கோட்டையில நீங்க ஏறும்போது யாருகிட்டயோ போன்ல இங்கிலீசு பேசிக்கிட்டே ஏறுனீங்க. சுத்தமான இங்கிலீசு. பையை எடுத்துட்டு இடம் இருக்கு வாங்கன்னு கூப்பிட்டேனே, சும்மா இல்ல.

தஞ்சாவூர் வந்துடுச்சு. இங்க வண்டி கால் மணி நேரம் நிக்கும், இங்க வெச்சுத்தான் பேசணும்னு அண்ணி சொல்லியிருக்காங்க. நீங்க டீக்கு எறங்கிடாதீங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அண்ணி சொல்ற தமிழும் உங்களுக்குப் புரியும், நான் சொல்ற இங்கிலீசும் புரியும். நான் ஒரு வார்த்தை மாத்துனா என் தொடையில ஒரு தட்டு தட்டுங்க. அதுக்கும் நான் அடங்கலன்னா போன என் கையிலேருந்து புடுங்கி நீங்களே சொல்லிடுங்க. நான் கோச்சுக்கமாட்டேன்.

எந்திரிச்சுட்டாங்க. வர்றாங்க.

வாங்க அண்ணி, வழிப் பக்கமா உக்காருங்க, கால இப்படி நீட்டிக்கங்க. சார் இருக்கட்டும் அண்ணி, அவரு நமக்கு வேண்டியவருதான். ரிங் போகுது. ஹலோ, குட் ஆஃப்டர்நூன் மேடம், தர்மா பேசுறேன். எங்க அண்ணி உங்ககிட்ட பேசணுமாம்... ம், எடுத்துட்டாங்க அண்ணி. கேட்டுக்கிட்டிருக்காங்க. சொல்லுங்க.